‘வாங்கு’ என்ற சொல்லுக்கு நான் அடித்த அட்டை

என்னைப் பொறாமைக்காரி என்று இதுவரை யாரும் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. ஆகவே நானே சொல்லிவிடுகிறேன். திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்திலிருந்த ஓர் அலுவலகத்தின் மொழிபெயர்ப்புப் பிரிவில் என் வேலைக்காலம் முழுவதும் கழிந்தது. கடைசியில் அந்தப் பிரிவுக்குத் தலைமையாகவும் இருந்தேன். மாலை போட்டு, கேக் வெட்டி, வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தத் தலைமைக் கதிரையில் உட்கார்ந்த நாள் முதல் எழும்பிய நாள்வரை ஒரு மனிதரை நினைத்து எனக்கு வயிறு எரிந்துகொண்டேயிருந்தது. இத்தனைக்கும் அவர் அப்போது அங்கே வேலையில்கூட இல்லை.

இதை எழுத வைத்தவள் தர்ஷினி. இப்போது அந்தப் பிரிவில் இருக்கும் பிள்ளை. போன மாதம் வீட்டுக்கு வந்து, "மிஸ், இப்ப எல்லாத்தையும் கொம்பியூட்டரே மொழிபெயர்க்குது. நாங்கள் சும்மா பாத்துக்கொண்டு இருக்கிறம்" என்றாள். "ஆனா எங்கட ஊர்ச் சொல்லு வந்தா அதுக்குத் தலை சுத்துது. அதுதான் பழைய சொல் அட்டைகளைப் புத்தகமாப் போடப் போறம். நீங்கள் முன்னுக்கு நாலு பக்கம் எழுதித் தாங்கோ. வாங்கு அட்டையைப் பற்றிக் கட்டாயம் எழுதோணும். அதுதான் எல்லாத்திலயும் திறம்."

திறம்தான். அதைப் பற்றியே எழுதுகிறேன் பிள்ளை. கேட்டது நீர், பிறகு குறை சொல்லக்கூடாது.

நான் தட்டெழுத்தாளராகத்தான் சேர்ந்தேன். பழகிய காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மூலத்தில் இருப்பதை இருப்பதுபோல் அடிக்க வேண்டும், பிழை இருந்தால் பிழையோடு அடிக்க வேண்டும், அவ்வளவுதான் பாடம். அதில் நான் கெட்டிக்காரி. கண் பார்க்கும், விரல் அடிக்கும், மூளை வீட்டுக்குப் போய் மீன் வெட்டிக்கொண்டிருக்கும். பிறகு சோதனை எழுதித் தேறி மொழிபெயர்ப்பாளர் ஆனேன். ஆனாலும் அந்த விரல்கள் கடைசிவரை தட்டெழுத்தாளரின் விரல்களாகவே இருந்தன.

எங்கள் பிரிவின் தலைவர் அருளம்பலம் சேர். அவர் யாரையும் ஏசி நான் பார்த்ததில்லை. வேலையில் பிழை கண்டால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார். மடிப்பார். கூட்டுக்குள் வைத்து ‘டக்’ என்று மூடுவார். அந்த ‘டக்’ கேட்டால் அன்றைக்கு முழுவதும் சோறு இறங்காது. சிங்களத்துக்கு மொழிபெயர்த்த எதையும் அவர் உடனே ஒப்பமிட மாட்டார். வாசலில் நிற்கும் காவலாளி பியதாசவைக் கூப்பிட்டு, கதிரை கொடுத்து இருத்தி, வாசித்துக் காட்டச் சொல்லுவார். தமிழுக்கு வந்ததைத் தேநீர் ஊற்றும் செல்லம்மாக்காவுக்கு வாசிக்க வேண்டும். செல்லம்மாக்கா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி, "எனக்கு ஒண்டும் விளங்கேல்ல சேர்" என்றால் முடிந்தது கதை. முதலிலிருந்து எழுத வேண்டும். பட்டதாரிகளெல்லாம் செல்லம்மாக்காவுக்குப் பயந்து திரிந்த அலுவலகம் அது.

அவர் உயிராக வைத்திருந்தது சொல் அட்டை அலுமாரி. ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை. மேலே சொல், அதன் கீழ்ப் பொருள், பிறகு அது எந்தப் பாசையிலிருந்து வந்தது, கடைசியில் அதை யார் வாயால் கேட்டது. அடியில், கொண்டுவந்தவரின் முதலெழுத்துகள். புத்தகத்தில் பார்த்து எழுத ஏலாது.

"புத்தகத்தில இருக்கிறது புத்தகத்திலயே இருக்கட்டும்" என்பார். "எனக்கு ஒரு வாய் வேணும். ஆற்றை வாய் எண்டு சொல்லுங்கோ, அட்டையை எடுக்கிறன்."

யாருடைய வாய் என்று சொல்லியே ஆகவேண்டும் என்ற இந்தச் சட்டம்தான் எனக்கு முள். ஏனென்றால் என் வீட்டில் வாய் கிடையாது. எனக்கு ஆறு வயதில் அம்மா செத்துப்போனா. அப்பா துறைமுகத்தில் வேலை, வாயைத் திறந்தால் சுருட்டுக்குத்தான் திறப்பார். என்னைக் கன்னியர் மடத்து விடுதியில் விட்டார். அங்கே சாப்பாட்டு மேசையில் கதைக்கக்கூடாது, கட்டிலில் கதைக்கக்கூடாது, கோவிலில் சொல்லவே வேண்டாம். ஆகவே ஒவ்வொரு சொல்லையும் வெளியே போய்ப் பிடிக்க வேண்டியிருந்தது. மீன் சந்தையில் நின்றேன். பஸ்ஸில் அடுத்தவர் கதையை ஒட்டுக்கேட்டேன். "இந்த மிஸ்ஸுக்கு என்ன விசரோ?" என்று சல்லிக் கிராமத்துக் கரையில் மீன்காரப் பெண்கள் சிரித்தார்கள்.

நஸீருக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. நஸீர் குறிஞ்சாக்கேணிக்காரர். எனக்கு இரண்டு வருடம் பிந்திச் சேர்ந்தவர். அந்தக் காலத்தில் கிண்ணியாவுக்குப் பாலம் இல்லை. மிதவையில் தண்ணீரைக் கடந்து, பஸ் பிடித்து, சட்டை நனைய வந்து சேருவார். கையில் எப்போதும் ஒரு சோற்றுப் பார்சல், வாழையிலையில் கட்டி, மேலே பேப்பர் சுற்றி, நூலால் இறுக்கினது. அவருடைய அம்மா, அவர் பாசையில் உம்மா, கட்டிக்கொடுத்தது. திங்கட்கிழமை என்றால் பார்சலோடு நாலைந்து சொல்லும் வரும்.

"உம்மா சொன்னா சேர்" என்பார், ஏதோ கடைக்குப் போய் உப்பு வாங்கி வந்ததுபோல.

நான் வெயிலில் அலைந்து ஒரு கிழமைக்கு ஒரு சொல் பிடிப்பேன். இவர் அடுப்படியில் குந்தியிருந்து ஐந்து கொண்டுவருவார். எரியாமல் என்ன செய்யும்? மத்தியானம் அவர் பார்சலைப் பிரித்தால் அலுவலகம் முழுக்க இறால் பொரியல் மணக்கும். நான் கடைப் பணிஸைத் தேநீரில் தோய்த்துக்கொண்டு யன்னல் பக்கம் திரும்பி இருப்பேன்.

இந்த நிலைமையில்தான் ‘வாங்கு’ என்ற சொல்லைக் கையில் எடுத்தேன். சின்னச் சொல், ஆனால் எங்கள் ஊரில் அதற்கு வேலை அதிகம். சந்தையில் மீன் வாங்குகிறோம். ஏறி இறங்கினால் மூச்சு வாங்குகிறது. கடல் உள்வாங்குகிறது. இதெல்லாம் தமிழின் சொந்தச் சரக்கு, இழுப்பது, வளைவது, எடுப்பது என்று ஒரே வேரில் நிற்பது. ஆனால் மாதா கோவிலில் நாங்கள் இருக்கும் நீள இருக்கையும் வாங்குதான். அது எப்படி? அதற்கு வாய் தேடிப் பாலையூற்றுக்குப் போனேன். அங்கே ஒரு பறங்கித் தச்சர் இருந்தார், லூயிஸ் என்று பெயர். கோவில் வாங்குகளைச் செய்து தந்தவர். வீட்டுக்குள் அவர்கள் இன்னும் போர்த்துக்கீசக் கலப்புப் பாசை கதைத்தார்கள்.

"நாங்கள் பாங்கு எண்டுவம், நீங்கள் வாங்கு எண்டுவியள், சிங்கள ஆக்கள் பங்குவ எண்டுவினம்" என்றார் லூயிஸ் மாஸ்டர். "போர்த்துக்கீசர்தான் கொண்டுவந்தவங்கள். பாவம், வாங்கைச் செய்துபோட்டு அதில இருக்க முதல் ஒல்லாந்தன் வந்து எழுப்பிப்போட்டான்."

எனக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. இரண்டு மூலம், இரண்டு வாய். அட்டையை எழுதினேன். அத்தோடு விட்டிருக்கலாம். பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கிறார்களே, அதையும் வாங்கு என்றுதானே சொல்லுகிறோம் என்று ஞாபகம் வந்தது. ஆசை யாரை விட்டது? ‘இது தமிழ் வாங்கு என்பதிலிருந்து வந்திருக்கலாம்’ என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்.

சேர் வாசித்தார். கண்ணாடி கழன்றது. மடிந்தது. டக்.

"‘இருக்கலாம்’ ஆற்றை வாய், பிலோமினா?"

நஸீர் அந்தப் பக்கம் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. நிமிர்த்தியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். என்மேல் இரக்கப்பட்டுக் குனிந்திருக்கிறார் என்று தெரிந்ததுதான் தாங்க முடியவில்லை.

அடுத்த திங்கட்கிழமை நஸீர் ஓர் அட்டை கொண்டுவந்தார். அழகில்லாத கையெழுத்து. அவருடைய உம்மா சொன்னதை அப்படியே எழுதியிருந்தார். ‘அறபியில அந்தக் கூப்பாட்டுக்குப் பேர் “அதான்”. வாங்கு அறபியில்ல, பார்சி. எனக்கு ஓதித்தந்த லெப்பைக்குப் பார்சி தெரியும். பார்சிக்காரர் கூப்பாட்டுக்குப் பாங்கு எண்டு சொல்லுவாங்களாம். எங்கட வாயில வாங்கு ஆயிட்டு.’

சேர் அந்தப் பாரசீக மூலத்தை இரண்டு தரம் வாசித்தார். கண்ணாடி மூக்கிலேயே இருந்தது. செல்லம்மாக்காவையும் பியதாசவையும் கூப்பிட்டு அவர்களுக்கும் வாசித்தார்.

"பாத்தீங்களே" என்றார். "கரையில ஒரு ஆள் முதலே நிக்குது. பிறகு ரெண்டு கப்பல் வந்து பக்கத்தில கட்டியிருக்குது. மூண்டுக்கும் ஒரே பேர். நஸீர், நான் வணக்கம் சொன்னனான் எண்டு உங்கட உம்மாவுக்குச் சொல்லுங்கோ."

என்னுடைய எத்தனை அட்டைகளுக்கு அவர் ‘சரி’ என்ற ஒரு சொல்லை மட்டும் தந்திருக்கிறார்! எழுதத் தெரியாத ஒரு மனுசிக்கு வணக்கமாம். அன்றைக்கு வீட்டுக்குப் போய் அழுதேன். வெட்கத்தை விட்டுச் சொல்லுகிறேன், அழுதுதான் தீர்த்தேன்.

சேர் ஓய்வுபெறும் காலம் நெருங்கியது. அவருக்குப் பிறகு பிரிவை யாரிடம் கொடுப்பது என்று அவரையே பரிந்துரைக்கச் சொல்லிக் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. எங்கள் இருவரில் ஒருவர்தான். கூடவே, ஆளுக்கு ஒரு நல்ல அட்டையையும் மாதிரிக்கு அனுப்பக் கேட்டிருந்தார்கள். நான் என் வாங்கு அட்டையை, அந்த ஊக வரியை வெட்டிவிட்டுக் கொடுத்தேன். நஸீர் அவருடைய வாங்கு அட்டையைக் கொடுத்தார். சுத்தப் பிரதி அடிப்பது வழக்கம்போல என் பொறுப்பு.

மத்தியானம், நஸீர் லுஹர் தொழப் போயிருந்தார். வெளியே வாங்கு கேட்டு முடிந்த நேரம். மெசினில் புது அட்டையைச் செருகினேன். என் இரண்டு மூலத்தையும் அடித்தேன். அதற்குக் கீழே நஸீரின் அட்டையை வைத்து மூன்றாவது மூலத்தையும் அடித்தேன். கொண்டுவந்தவர் என்ற இடத்தில் பி.ச. என்று போட்டேன். பிலோமினா சவரிமுத்து. நஸீரின் பெயருக்கு அலுமாரியிலிருந்து அவருடைய வேறொரு சாதாரண அட்டையை எடுத்து அடித்து வைத்தேன். அவருடைய கையெழுத்து அட்டையைக் கொண்டுபோய்ப் பின்வளவில் போட்டேன். எங்கள் ஊர் மான்களைப் பற்றித் தெரியும்தானே, தெருவெல்லாம் திரிந்து காகிதம் தின்று பழகினவை. ஒரு கொம்பன் வந்து நின்று, அவசரமில்லாமல் சப்பித் தின்றது. நான் முடியும்வரை நின்று பார்த்தேன்.

பின்னேரம் சேர் என்னைக் கூப்பிட்டார். என் அட்டை அவர் கையில் இருந்தது. நெடுநேரம் பார்த்தார். நஸீரின் அட்டை எங்கே என்று கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"பிலோமினா, உங்கட அம்மா சுகமா இருக்கிறாவோ?"

"அம்மா நான் சின்னனா இருக்கேக்கயே செத்துப்போனா, சேர்."

"ஓ" என்றார். கண்ணாடியைக் கழற்றினார். ஆனால் கூட்டை மூடவில்லை. மேசையில் திறந்தபடி வைத்துவிட்டு, "போங்கோ" என்றார். வயதுபோன மனிதர், எதையோ நினைத்து எதையோ கேட்கிறார் என்று எண்ணிக்கொண்டு வந்துவிட்டேன். பிறகு நஸீரைக் கூப்பிட்டார். கதவு சாத்தியிருந்தது. கொஞ்ச நேரத்தில் வெளியே வந்த நஸீர் என்னைப் பார்த்து வழக்கம்போலத் தலையாட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். அவ்வளவுதான். நான் தப்பிவிட்டேன்.

அடுத்த நாள் அவர் கையில் இரண்டு பார்சல்.

"மிஸ், உம்மா உங்களுக்கும் கட்டித் தந்தா."

பாருங்கள் திமிரை, என்று நினைத்தேன். தனக்குச் சமைத்துப்போட ஆள் இருக்கிறதென்று காட்டுகிறார். "எனக்கு வயிறு சரியில்ல" என்று சொல்லி அதைப் பியதாசவிடம் கொடுத்துவிட்டேன். அடுத்த நாளும் வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. ஒன்றையும் நான் பிரிக்கவில்லை. பியதாச மட்டும் "ஹரி ரசய், மிஸ்" என்று விரலை நக்கினார். ஒரு கிழமைக்குப் பிறகு வருவது நின்றுவிட்டது.

இரண்டு மாதத்தில் நஸீருக்குப் புல்மோட்டையில் கலியாணம். அவர்கள் வழக்கப்படி மாப்பிள்ளை பெண்வீட்டோடு போயிருக்க வேண்டும், அதனால் அங்கேயே ஒரு பாடசாலைக்கு மாற்றம் எடுத்தார். கதிரை எனக்கு வந்தது. நான் வென்றேனா, எதிரில் ஆள் இல்லாமல் வந்ததா என்று என்னையே கேட்டுக் கேட்டு அந்தக் கதிரையில் இத்தனை காலம் இருந்தேன். சேர் செத்துப்போனார். அட்டை கொழும்பிலேயே கிடந்தது. நஸீரின் பெயரை யாராவது சொன்னால் எனக்கு நெஞ்சுக்குள் ஒரு சுள். அவருக்கு உம்மா இருந்தா, சொல் இருந்தது, சேரின் வணக்கம் இருந்தது. எனக்கு ஒரு கதிரை.

இனி போன மாதத்துக்கு வருகிறேன். தர்ஷினி கொழும்பிலிருந்து திரும்பி வந்த பெட்டியோடுதான் என் வீட்டுக்கு வந்திருந்தாள். அந்த அட்டையை எடுத்து நீட்டி, வெகு சாதாரணமாகக் கேட்டாள்.

"மிஸ், ஒரு சந்தேகம். உங்கட அம்மா குறிஞ்சாக்கேணியோ?"

வாங்கிப் பார்த்தேன். என்னுடைய சுத்தமான தட்டெழுத்து. மூன்றாவது மூலத்துக்குக் கீழே, யார் வாயால் கேட்டது என்ற இடத்தில், இப்படி இருந்தது: ‘எனது தாயார். குறிஞ்சாக்கேணி. விடியற்காலைச் சுபஹு வாங்குக்குப் பிறகு அடுப்படியில் சொன்னது.’ அதற்கு நேர் கீழே, பி.ச.

அட கடவுளே! கண் பார்த்தது, விரல் அடித்தது. களவெடுக்கும்போதும் உண்மைப் பிரதி எடுத்திருக்கிறேன். ஒரு தட்டெழுத்தாளரைத் தவிர வேறு யாரும் இப்படி அகப்பட மாட்டார்கள்.

அட்டையைத் திருப்பினேன். பின்பக்கத்தில் ‘உண்மைப் பிரதி’ என்ற அலுவலக முத்திரை. கீழே சேரின் கையெழுத்தில், ‘மூலம் நஸீருடையது.’ அதற்கும் கீழே, அழகில்லாத அந்தக் கையெழுத்து: ‘பார்த்தேன். இப்படியே இருக்கட்டும்.’

தர்ஷினி பயந்துபோனாள். "மிஸ், என்ன செய்யுது? தண்ணி தரட்டோ?" என்றாள். நஸீரின் தொலைபேசி இலக்கத்தைத் தேடித் தரச் சொன்னேன்.

அவர் குரல் அப்படியே இருந்தது. சுகம் விசாரித்தார், பேரப்பிள்ளைகளைப் பற்றிச் சொன்னார். எனக்குப் பொறுமையில்லை.

"நஸீர், அந்த வாங்கு அட்டை. தெரிஞ்சும் ஏன் விட்டனீங்கள்? என்னை ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்தானே?"



"மிஸ், எனக்கும் கோவம் வந்திச்சுத்தான். சேர் எழுதப்போனார், பரிந்துரை உங்களுக்கில்ல எண்டு. நான் உம்மாட்டக் கேட்டுட்டு நாளைக்குச் சொல்றன் எண்டு சொன்னன். அது அவட சொல்லுத்தானே. வீட்ட போய்ச் சொன்னன், ‘உம்மா, ஒரு மிஸ் உங்களத் தன்ட தாயாரெண்டு எழுதி வச்சிருக்கா. அவக்குத் தாய் இல்லையாம்’ எண்டு. உம்மா முதல் சிரிச்சா. பிறகு சொன்னா, ‘தாயில்லாப் புள்ள, இருந்துட்டுப் போகட்டும். அதுக்கும் ஒரு பார்சல் கட்டுறன், கொண்டு குடு’ எண்டு."

தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன். நஸீர் தொடர்ந்தார். 

"எத்தினை தரம் கேட்டிருப்பா தெரியுமா மிஸ்? ‘அந்த மகளை ஒருக்காக் கூட்டிட்டு வா, பாக்கணும்’ எண்டு. நீங்க பார்சலையே எடுக்கல்ல. அதால நான் கூப்பிடல்ல."

"இப்ப எப்பிடி இருக்கிறா?"

"மௌத்தாகி, அடக்கி நாலு வருசம், மிஸ்."

"அவட பேர் என்ன, நஸீர்? அட்டையில பேர் இல்ல."

"ஆசியா உம்மா."

தர்ஷினி, இனி இது உமக்கு. புத்தகத்தில் அந்த அட்டையைப் போடும்போது மூன்றாவது மூலத்தின் கீழிருந்து பி.ச. என்பதை வெட்டிவிடும். கொண்டுவந்தவர் நஸீர் என்று போடும். சொன்னவர் ஆசியா உம்மா, குறிஞ்சாக்கேணி. ‘எனது தாயார்’ என்ற இரண்டு சொல்லும் அப்படியே இருக்கட்டும், ஆனால் நஸீரின் பெயருக்கு மேலே. அவ அவருடைய தாயார்தான். அதைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.